நூற்றொரு பேரின் சோற்றுக்கு முடிந்து வைத்த காசு

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிறது. கொப்பியை எடுப்பேன், பேனையைத் திறப்பேன், மகளின் முகம் கண்ணுக்குள் வரும், மூடிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். வீட்டில் இருக்கும் குமர்ப்பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கலியாணம் பேச வருகிறவர்கள் வாசல் படலையோடு திரும்பிப் போவார்கள். அதனால்தான் இத்தனை காலமும் பேசாமல் இருந்தேன். இப்போது மகளே சொல்லிவிட்டாள்.

"எழுதுங்கோ அப்பா. ஊருக்குத் தெரிஞ்ச கதைதானே. தெரிஞ்சதைச் சரியாத் தெரிஞ்சு வச்சிருக்கட்டும்."

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோய் விற்றுச் சீவிக்கிற தோட்டக்காரன். நெற்றியில் திருநீறு இல்லாமல் தோட்டத்து மண்ணில் கால் வைத்ததில்லை. என்னைப்பற்றி அவ்வளவு போதும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்வதில் பிழை இராது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நினைவு தப்பிவிட்டது. எங்களை உள்ளே விடவில்லை. வெளியே சீமெந்து வாங்கில் நானும் மனைவியும் இருந்தோம். பெரிய டொக்டர் ஒருநாள் வெளியே வந்து, "கடவுளைக் கும்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதை ஆறுதலுக்குச் சொன்னாரோ கைவிட்டுச் சொன்னாரோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மனைவி அந்த இடத்திலேயே எழும்பி, செருப்பைக் கழற்றி, எங்கள் ஊர் அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அம்மாளாச்சி, என்ரை பிள்ளையைத் தந்திடு. பங்குனித் திங்களிலை உன்ரை வாசலிலை நூற்றொரு பேரை இருத்தி, வாழையிலை போட்டு, வயிறு நிறையச் சோறு குடுக்கிறன்."

ஏன் நூற்றொரு பேர் என்று பிறகு கேட்டேன். வாயில் வந்தது என்றாள். வாயில் வந்ததைக் குறைக்க முடியாது. நேர்த்திக்கடன் என்றால் அப்படித்தான்.

பிள்ளை கண் திறந்தாள். நடந்தாள். எங்களை அடையாளம் கண்டு, பசிக்குது என்றாள். ஆனால் காய்ச்சல் போகும்போது வலிப்பை விட்டுவிட்டுப் போயிருந்தது. காலையும் இரவும் மருந்துக் குளிசை போட வேண்டும். கிளினிக்கில் மாதாமாதம் இலவசமாகத் தருவார்கள். ஒருநாளும் தவறக் கூடாது, நீங்களாகக் குறைக்கவும் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அதன்படியே நடந்தோம். குளிசை ஒழுங்காகப் போட்ட காலம் முழுவதும் வலிப்பு வரவேயில்லை. ஊருக்கும் தெரியாது.

நேர்த்திக்கு உடனேயே ஆயத்தம் செய்தோம். அளவெட்டிப் பக்கத்தில் கோயில்களுக்குச் சமைக்கிற ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூப்பு, அதனால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கவிழ்த்து வைத்த சமையல் கிடாரத்தின்மேல் இருந்துகொண்டுதான் ஆள் எப்போதும் கதைப்பார். நூற்றொரு பேருக்கு எவ்வளவு முடியும் என்று அவரிடம் கேட்டேன்.

"என்னென்ன கறி?"

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை. அம்மாளுக்குச் செய்யிறது, குறை இருக்கப்படாது."

விரல்களை மடக்கினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், கீரை, அப்பளம், வடை, ரசம், மோர், பாயாசம். அதற்கு மேல் தேங்காய், எண்ணெய், விறகு, இலை, அவருடைய கூலி.

"பதினையாயிரம் தா. ராசா வீட்டுச் சாப்பாடு. பாயாசத்துக்குக் கஜுப்பருப்பும் போடுவன். சாப்பிட்டவன் எழும்பேக்கை ஆராவது கை குடுக்க வேணும், பார்."

அந்தப் போகம் வெங்காயம் நல்ல விலைக்குப் போயிருந்தது. பதினையாயிரம் ரூபாயை அப்படியே ஒதுக்கினோம். மனைவி முழுகிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துணியில் தாள்களை வைத்து முடிந்து, சாமியறையில் அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். சாமிக்கு முடிந்த காசுக்குக் கட்டுப்பாடு உண்டு. நேர்த்தி நிறைவேறும் நாளில் கோயிலில்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் கடன் கொடுக்கவோ, மாற்றி எடுக்கவோ, வட்டிக்குப் போடவோ கூடாது.

மனைவியின் தம்பி அன்றைக்கு வீட்டில் நின்றான்.

"அத்தான், பங்குனிக்கு இன்னும் கன நாள் கிடக்கு. வங்கியிலை போட்டால் குட்டி போடுமெல்லே?"

நான் வாய் திறக்குமுன் மனைவி பாய்ந்தாள். "உனக்கென்ன விசரோ? அம்மாளின்ரை காசுக்கு வட்டி வாங்கி, அதிலை சோறாக்கிச் சனத்துக்குக் குடுக்கவோ? வட்டிச்சோறு ஆற்றை வயித்திலையடா செமிக்கும்?"

"வங்கி வட்டி பாவமில்லை அக்கா. அரசாங்கமே வாங்குது."

"அரசாங்கம் நேர்த்தி வச்சதோ?"

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். நானும் மனைவியின் பக்கம்தான். அது பிழை என்று இப்போதும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் காசை வைத்த இடத்தில் வைத்திருந்தால் அது அப்படியே இருக்கும் என்று நம்பினோம். நெல்லை மூட்டையில் வைத்தால் நெல்லாகவே இருப்பதுபோல் நினைத்தோம்.

அந்தப் பங்குனி வருமுன் என் தகப்பனார் காலமானார். தீட்டுப் பட்ட துடக்கு வீடு. ஆண்டுத்திவசம் முடியும்வரை நேர்த்தி எதுவும் செய்யக் கூடாது என்றார்கள். சரி, ஒரு வருடம்தானே. அது முடிய, கோயிலைப் புதுப்பிக்கப் பாலஸ்தாபனம் செய்தார்கள். அம்மனைச் சின்னக் கொட்டிலுக்குள் எழுந்தருளப் பண்ணிவிட்டுப் பழைய கட்டடத்தில் கை வைத்தால், கும்பாபிஷேகம் வரை எங்கள் கோயிலில் திருவிழாவும் இல்லை, அன்னதானமும் இல்லை. ஒரு வருடத்தில் முடிப்பதாகச் சொல்லித்தான் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து காசு துண்டு துண்டாக வந்தது. அது வந்து சேருவதற்குள் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியிருக்கும். வேலை நிற்கும். மறுபடி கேட்பார்கள், மறுபடி வரும், மறுபடி போதாது. அம்மனுக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்? மூலஸ்தானத்துக்கு மேலே கம்பி துருப்பிடித்து நின்ற வருடங்களில் மகள் பள்ளிக்கூடமே முடித்துவிட்டாள். ஒருவழியாகக் கும்பாபிஷேகம் நடந்தது. வருகிற பங்குனியில் செய்வோம் என்று நாளும் பார்த்துவிட்டோம். கொரோனா வந்து கோயில் கதவைப் பூட்டியது.

இந்த வருடங்களில் ஒவ்வொரு பங்குனிக்கு முன்னும் நான் சமையல்காரரிடம் போவேன். இம்முறை முடிந்தாலும் முடியும் என்று ஒரு நம்பிக்கை.

"அண்ணை, பதினையாயிரம் இருக்கு."

முதல் தடவை, "கஜுவை விடுவம், கஜு இல்லாட்டில் பாயாசம் கோவிக்காது" என்றார். இன்னொரு வருடம் பாயாசமே போனது. "சனம் முழுக்க நீரிழிவு. நீ பாயாசம் குடுத்தால் உனக்குத்தான் பாவம்." பிறகு வடை போனது. பிறகு பூசணிக்காய். வாழைக்காயைப் பொரிக்காமல் கத்தரிக்காய்க்குள் போட்டு ஒரு கறியாக்கலாம் என்றார், எண்ணெய் மிச்சம். மோருக்குத் தண்ணீர் கூட்டுவதாகச் சொன்னார். "மோர் எண்டு சொல்லி ஊத்து, குடிக்கிறவன் மோர் எண்டுதான் குடிப்பான்."

அவர் பகிடியாகத்தான் சொல்வார். நான் சைக்கிளில் வீடு வரும் வழி முழுவதும் கண்முன்னே ஒரு வாழையிலை விரிந்திருக்கும். அதில் ஒவ்வொரு இடமாக வெறுமையாகிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சாமியறையைப் பார்த்தால் முடிச்சு வைத்தது வைத்தபடி இருக்கும். எலி தொடவில்லை. கள்ளன் தொடவில்லை. ஒரு தாள் குறையவில்லை. ஆனால் முன்பு அதற்குள் இருந்த சாப்பாடு இப்போது அதற்குள் இல்லை. என் படிப்புக்கு அதை அதற்குமேல் விளக்கத் தெரியாது.

மேலதிகமாகக் கொஞ்சம் போட்டு நிரப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்தோம். ஒரு தகரப் பேணியில் தனியாகச் சேர்த்தோம். ஆனால் அது சாமிக்கு முடிந்த காசு இல்லை, கை போகும். விதை வெங்காயம் வாங்கக் கை போகும், மகளின் கிளினிக் பயணத்துக்குக் கை போகும். உன் வெங்காயத்துக்கும்தானே விலை ஏறியது என்றும் கேட்கலாம். ஏறியதுதான். சந்தையில் ஒரு அந்தர் நிறைக்குக் கூட்டிக் காசு வாங்கிக்கொண்டு சந்தோசமாக வெளியே வந்தால், உரக்கடையில் அந்தக் கூடுதலை அப்படியே வாங்கிவிடுவார்கள். தோட்டத்து இறைப்பு மெசினுக்கு மண்ணெண்ணெய், கூலியாளுக்குச் சம்பளம், பேக்கரிப் பாண், சீனி. கையில் தாள் கூடிக்கொண்டு போனது. அதைக் கொடுத்து வாங்கிவந்த பனையோலை உமல் மட்டும் வரவரப் பாரம் குறைந்தது. இறாத்தல் பாண் என்று சொல்லித்தான் வாங்கினோம், அதுவும் கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தது.

பிறகு அந்த நெருக்கடி வருடம் வந்தது. உரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. என் வெங்காயம் கொட்டைப்பாக்கு அளவில் நின்றுவிட்டது. கோயில் திறந்திருந்தது, துடக்கு இல்லை, பங்குனி கிட்ட வந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருடம் கழித்து எந்தத் தடையும் இல்லாத முதல் பங்குனி. சமையல்காரரிடம் போனேன்.

"நூற்றொரு பேருக்கோ? உந்தக் காசுக்கோ?" கிடாரத்தை விட்டு எழும்பினார். அவர் எழும்பி அதற்கு முன் நான் கண்டதில்லை. "தம்பி, ஆளுக்கொரு வடையும் தேத்தண்ணியும் குடுக்கலாம். தேத்தண்ணிக்குச் சீனியை அவையள் வீட்டிலையிருந்து கொண்டு வரவேணும்."

நான் சைக்கிளைத் திருப்பினேன். அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"கோவியாதை. நான் கூலி வேண்டாமல் செய்து தாறன். ஆனால் என்ரை கூலியைக் கழிச்சாலும் அரிசிக்கும் தேங்காய்க்குமே காணாது. இருபது பேருக்கு எண்டால் வடிவாச் செய்யலாம்."

"இருபது இல்லை அண்ணை. நூற்றொண்டு."

"அப்ப மிச்ச எண்பத்தொரு பேரையும் கோயில் வீதியிலை நிண்டு மணந்து பாக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பங்குனியும் போனது.

அதற்குப் பிறகுதான் கிளினிக்கில் குளிசை இல்லை என்றார்கள். எங்களுக்கு மட்டும் இல்லை, யாருக்கும் இல்லை. துண்டில் எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். முதல் மாதம் தகரப் பேணியில் இருந்ததைத் துடைத்து எடுத்து வாங்கினோம். அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மகள் தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை மூவரும் முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தோம். மகள் தாயோடு ஏதோ பகிடி பண்ணிக்கொண்டிருந்தவள், பாதிச் சொல்லில் நின்றாள். கையில் இருந்த பிடி விழுந்தது. பிறகு அவள் விழுந்தாள். நான் தலையைத் தாங்கினேன். மனைவி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து கைக்குள் திணித்தாள், இரும்பு பிடித்தால் அடங்கும் என்று. கை இழுத்த இழுப்பில் சாவிக்கொத்து பறந்து வேலியில் அடித்தது. வேலிக்கு அங்கால் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருடம் மறைத்தது அந்த ஒரு நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்துபோனது.

தெளிந்து எழும்பிய பிறகு கேட்டேன். "பிள்ளை, குளிசை போட்டனியோ?"

"போட்டனான்."

"எத்தினை?"

"பாதி. பாதியாப் போட்டால் ரெண்டு மடங்கு நாளுக்கு வரும் எண்டு நினைச்சன் அப்பா."

"டொக்டர் என்ன சொன்னவர்? குறைக்கக் கூடாதெண்டு சொன்னவரெல்லோ?"

"டொக்டர் அப்பிடிச் சொல்லேக்கை கிளினிக்கிலை மருந்து இருந்தது."

மனைவி வேறு கணக்குப் போட்டாள்.

"இது குளிசையாலை வந்ததில்லை. நேர்த்தி நிண்டுபோச்சு. அம்மாள் காட்டுறா."

"குளிசையைக் குறைச்சதாலை வந்ததப்பா. பிள்ளையே சொல்லுறாள்."

"குளிசை ஏன் இல்லாமல் போனது? அதை யோசிச்சனீங்களோ?"

"உன்ரை ஒரு நேர்த்திக்காக அம்மாள் முழு நாட்டையும் வரிசையிலை விட்டவவோ?"

கோபத்தில் சொல்லிவிட்டேன். அவள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டாள். அவர் நல்ல மனுசன்.

"ஏலுமானதைச் செய்யுங்கோ அம்மா. இருபது பேர் எண்டால் இருபது பேர். அம்மாள் கணக்குப் பாக்கிறவ இல்லை."

"அவ பாக்கமாட்டா ஐயா. ஆனால் நான் நூற்றொண்டு எண்டு வாயாலை சொன்னனான். அவவும் பாதிப் பிள்ளையைத் தரேல்லை, முழுப் பிள்ளையைத் தந்தவ."

ஐயர் திருநீற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் இருவருக்கும் பூசிவிட்டார்.

வீட்டில் இருந்த குளிசை முடிய இரண்டு நாள் இருந்தது. கேட்கக்கூடிய வீடுகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். அந்த வருடம் யாரிடமும் இல்லை, இருந்தவர்களும் தங்களுக்கு என்று வைத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது. விடிந்து, மனைவி விளக்கேற்றிவிட்டுச் சாமியறையில் நெடுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது கையில் அந்த முடிச்சு இருந்தது. என் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்கோ."

"என்னப்பா சொல்லுறாய்?"

"பிள்ளைக்காக முடிஞ்சது. பிள்ளைக்குத்தான் போகுது. பாவம் எண்டால் அது எனக்கு. நீங்கள் அவிழ்த்ததாக இருக்கவேண்டாம், நானே அவிழ்க்கிறன்."

முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் மஞ்சளேறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணில் ஒற்றி என்னிடம் தந்தாள்.

சுன்னாகத்தில் இரண்டு மூன்று பாமசியில் கேட்டேன், இல்லை. யாழ்ப்பாணம் டவுனுக்குச் சைக்கிளை மிதித்தேன். போகும்போது மனதுக்குள் ஒரு தெம்பு இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. சமையல்காரர் விலை சொல்லச் சொல்லக் கேட்டவன்தான் நான். ஆனாலும் மடியில் இருந்தது என் மனதுக்கு நூற்றொரு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்பும் காசாகவே இருந்தது. ஒரு பிள்ளைக்குக் குளிசை வாங்க அது போதாமல் போகுமா? ஒரு வருடத்துக்கு வாங்கிவைத்துவிடலாம், அதற்குள் அம்மாள் கண் திறப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் மிதித்தேன்.

பல கடை ஏறி இறங்கி, ஒரு சின்ன ஒழுங்கைக்குள் இருந்த பாமசியில் மருந்து இருந்தது. அங்கே நின்ற பெடியன் துண்டைப் பார்த்தான்.

"இருக்கு ஐயா. ஆனால் வேறை கம்பனி, இறக்குமதி. பழைய விலையிலை இல்லை. போன கிழமை விலையிலையும் இல்லை."

"பரவாயில்லைத் தம்பி. இந்தக் காசு முழுக்கத் தாங்கோ."

தாள்களை வாங்கி எண்ணத் தொடங்கியவன் நடுவில் நிறுத்தினான். மஞ்சள் அவன் விரலில் ஒட்டியிருந்தது.

"ஐயா, இது நேர்த்திக் காசெல்லோ?"

"ஓம் தம்பி."

"வேறை காசு இல்லையோ?"

"இருந்தால் இதைக் கொண்டு வருவனோ?"

அவன் மறுபடி எண்ணவில்லை. குளிசை அட்டைகளை எடுத்து, கடைசி அட்டையைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டினான். ஒரு கடதாசிப் பையில் போட்டுத் தந்தான். பை என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

"இது எத்தினை மாதத்துக்குத் தம்பி?"

"ஒரு மாதத்துக்கு முழுசா வராது ஐயா. ஒரு கிழமை குறையும்."

நான் அங்கேயே நின்றேன். பின்னால் நின்ற ஒரு அம்மா, "வழியை விடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாலிப வயதிலும் நான் றோட்டில் நின்று அழுததில்லை. அம்மனின் காசைத் தொட்டுவிட்டேன் என்பதற்காக அழவில்லை. அவ்வளவு மனம் கல்லாக்கித் தொட்ட காசு, தொட்டதற்குப் பெறுமதி இல்லாத காசாகப் போய்விட்டதே என்று அழுதேன்.

மனைவி படலையில் நின்றாள். பையை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"மிச்சக் காசு?"

"மிச்சமில்லை."

"மிச்சமில்லையோ? நூற்றொரு பேரின்ரை சாப்பாடப்பா அது. இவ்வளவுதானோ தந்தவங்கள்?"

நான் வழியில் எங்கோ தொலைத்துவிட்டேன் என்பதுபோல் என் சேட்டுப் பையையும் மடியையும் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தக் குளிசையை முழுதாகப் போட்டாள் மகள். அது முடியும்வரை ஒன்றும் வரவில்லை. முடிந்ததும் நான் இரும்புச்சாமான் கடைக்கு இறைப்பு மெசினை விற்கக் கொண்டுபோனேன். எண்ணெய் இல்லாத வருடத்தில் மெசினை யார் வாங்குவார்கள்? பிறகு வீட்டுக்கு வந்து எடுப்பதாகச் சொன்னார்கள், வரவில்லை. குளிசை இல்லாமல் ஒரு கிழமை போனது. அன்றைக்கு நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். மனைவி தோட்டத்தில். காஸ் இல்லாததால் விறகடுப்பில் மகள் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். வலிப்பு அங்கே வந்தது. வலது கை அடுப்புக்குள் போனது. மணம் வந்து அயல் வீட்டார் ஓடிவருவதற்குள் எவ்வளவு நேரம் அந்தக் கை நெருப்பில் இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

கொஞ்சக் காலத்தில் கிளினிக்குக்கு மருந்து வந்துவிட்டது. முன்போலவே இலவசமாகத் தந்தார்கள். இப்போதும் தருகிறார்கள். வலிப்பு வருவதில்லை. கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன. தையல் பழகிய பிள்ளை. இப்போது இடது கையால் ஊசி கோர்க்கிறாள், நேரம் எடுக்கும், நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம்.

மனைவிதான் போய்விட்டாள். வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் பழைய ஆள் இல்லை. கோயிலுக்குப் போனால் கோபுரவாசலுக்குள் கால் வைப்பதில்லை. வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வருவாள். உள்ளே வா என்று கேட்டால், "நான் அவிட்ட முடிச்சாலைதானே பிள்ளையின்ரை கை வெந்தது" என்பாள். குளிசை இல்லாததால் வந்தது என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள். மகள் சொன்னாலும் கேட்கமாட்டாள். ஐயர் சொல்லியும் கேட்கவில்லை. ஏனென்றால் ஊர் அப்படித்தான் கதைக்கிறது. சாமிக் காசில் கை வைத்த வீடு, அதே கையை அம்மாள் எடுத்துவிட்டாள் என்று கிணற்றடியிலும் சந்தையிலும் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வேறு மாதிரிச் சொல்கிறார்களாம். நெருப்புக்குள் கை கிடந்தும் உயிர் தப்பியது அம்மாளின் அற்புதம், முடிச்சு அவிழ்த்த பிறகும் அவள் மன்னித்துவிட்டாள் என்று. இரண்டும் எங்களுக்கு வேண்டாம்.

நான் அம்மாளாச்சியைக் கும்பிடுகிறவன். சாகும்வரை கும்பிடுவேன். நூற்றொரு பேருக்கு இன்னும் சோறு போடவில்லை, அந்தக் கடனும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் மேல் இல்லாத பழியைப் போடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஏலாது. அவள் என் பிள்ளையின் கையைச் சுடவில்லை. ஒரு தாய் காவல் காத்து வைத்த காசு, ஒருவரும் தொடாமலே பெறுமதி இழந்து போனது. அதைக் கடைசியில் எடுத்தபோது ஒரு மாதத்துக் குளிசைக்கும் அது போதவில்லை. குளிசை முடிந்தது, வலிப்பு வந்தது, பக்கத்தில் அடுப்பு எரிந்தது. இவ்வளவுதான் நடந்தது.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் சொன்னபடியே சொல்லுங்கள். அம்மாளின் கோபத்தைச் சேர்க்காதீர்கள், அற்புதத்தையும் சேர்க்காதீர்கள். என் மனைவியை நல்லவளாக்கவும் வேண்டாம், பாவியாக்கவும் வேண்டாம். அவள் நான் சொன்னால் நம்பமாட்டாள். நாலு வாய் மாறிச் சந்தையாலோ கோயில் வீதியாலோ சரியான கதை அவள் காதுக்கு வந்து சேர்ந்தால் ஒருவேளை நம்புவாள். நம்பினால் ஒருநாள் வாசலைத் தாண்டி உள்ளே போவாள். அதற்காகத்தான் எழுதினேன்.